சிங்க் அடைத்துக்கொண்ட பொங்கல் வாரம்

ஜனவரி 15, 2025, புதன்

மாட்டுப் பொங்கல். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது சிங்கில் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு மூன்று நாளாகவே மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது, நடுவில் களக் களக் என்று சத்தமும் வந்தது. இன்று அந்தச் சத்தம்கூட இல்லை. மேலே நெய்ப் படலம், ஏலக்காய்த் தோல், ஊறிப்போன முந்திரி.

"நேத்து பொங்கப் பானைய வழிக்காமப் போட்டுட்டோம் மக்களே" என்றார் அத்தை. உண்மைதான். வழக்கமாக வரும் பிளம்பர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம். அதுவரை வாசல் குழாயில் பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். குன்னூர்க் குளிரில் விரல் மரத்துப்போகிறது.

ஜனவரி 16, வியாழன்

உறவினர் ஒருவர் வாட்ஸப்பில் வைத்தியம் அனுப்பினார்: ஆப்ப சோடா, மேலே வினிகர். நின்ற தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு அப்படியே செய்தேன். நுரை பொங்கியது, அடங்கியது, அடைப்பு அடைப்பாகவே இருக்கிறது. மகளின் வேதியியல் புத்தகத்தைப் புரட்டியதும் புரிந்தது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. பொங்கியது கார்பன் டை ஆக்சைடு, மிஞ்சியது உப்புக் கரைந்த தண்ணீர். கொழுப்பைக் கரைக்க அதில் எதுவும் இல்லை.

கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னார் அத்தை. வேண்டாம் என்றேன். நம் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் அதுவே அதிகம். பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும். கை பொறுக்கிற சூட்டில் ஒரு குடம் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது, மறுபடி நின்றது.

ஜனவரி 17, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடைக்குப் போய் 90 ரூபாய்க்கு ரப்பர் பம்ப் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் அடைப்பு நீக்கும் பவுடர் பாக்கெட் ஒன்றையும் எடுத்து வைத்தார். பின்பக்கம் படித்தால் காஸ்டிக் சோடா. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடைப்பு விடாமல் போனால் அந்தக் காரத் தண்ணீர் குழாயிலேயே தங்கிவிடும். நாளைக்கு நான் கழற்றும்போது அது கையிலும் கண்ணிலும்தான் தெறிக்கும். அதோடு, எங்கள் தெருச் சாக்கடை ஓடையில் விழுகிறது, ஓடை குன்னூர் ஆற்றில் சேர்கிறது, ஆறு இறங்கிப் பவானியில் கலக்கிறது. கீழே எத்தனை ஊர் குடிக்கிற தண்ணீர் அது! என் வீட்டுச் சிங்குக்காக அதில் காரத்தைக் கலக்க எனக்கு மனசு வரவில்லை.

பம்ப் போடுவதற்கு முன் சிங்க் ஓரத்தில் இருக்கும் ஓவர்ஃப்ளோ துளையை ஈரத்துணியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் எல்லாம் அந்த வழியாகப் போய்விடும். கப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் நிற்க வேண்டும். இருபது தடவை அழுத்தினேன். கறுப்பாகக் கொஞ்சம் டீத்தூள் மேலே வந்தது, அவ்வளவுதான்.

ஜனவரி 18, சனி

இன்று கழற்றிவிட்டேன்.

சிங்குக்கு அடியில் இருந்த டப்பா, சாமான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வாளி வைத்து, மகளை டார்ச் பிடிக்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருப்பது பாட்டில் ட்ராப், அதாவது சாக்கடை நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பாட்டில் போன்ற பாகம். அடியில் கிண்ணம் போல ஒரு மூடி. கீழிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகினால் கழன்று வரும். ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும், கையே போதும். பிடி வழுக்கியபோது பழைய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் கொட்டி முடிந்ததும் கிண்ணத்தில் மிஞ்சியதைப் பார்த்து மூவரும் பேசாமல் நின்றோம். சாம்பல் நிறத்தில், மெழுகு போல இறுகிய ஒரு கட்டி. உடைத்தால் உள்ளே டீத்தூள், சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை நரம்பு. முகர்ந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தைக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், தேங்காய் எண்ணெய் இல்லாமல் அவருக்குச் சமையல் கிடையாது. அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நாகர்கோவிலில் அது பெரும்பாலும் எண்ணெயாகவே ஓடும். இங்கே காலையில் எங்கள் சமையலறையில் 14 டிகிரி! பாட்டிலில் கட்டியாக நிற்பதைத் தினமும் பார்க்கிறோம், அடுப்போரம் வைத்து உருக்குகிறோம். அதே எண்ணெய் குழாய்க்குள்ளும் கட்டியாகத்தானே நிற்கும்? சுடுதண்ணீர் ஊற்றினால் ட்ராப்பில் உருகும், அரை அடி தள்ளிக் குளிர்ந்த சுவருக்குள் போய் மறுபடி உறையும். நெய்யும் அப்படித்தான். டீத்தூள் அந்தப் பசையில் போய் ஒட்டிக்கொள்கிறது.

கட்டியை வழித்துக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன். கிண்ணத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாஷரைத் துடைத்து, திருப்பி மாட்டினேன். இதற்கு டெஃப்லான் டேப் தேவையில்லை, நீர் கசியாமல் பிடிப்பது வாஷர்தான். அடியில் உலர்ந்த நியூஸ் பேப்பரை விரித்து, சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் தண்ணீர் பாதி இறங்கி மறுபடி தயங்குகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

மீதி அடைப்பு சுவருக்குள் இருந்தது. ட்ராப்பிலிருந்து வெளியே போகும் குழாய் மூன்றடி நீளம். பழைய ஸ்கிரீன் ஸ்பிரிங் ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, திருகித் திருகி உள்ளே விட்டேன். இழுக்க இழுக்க மெழுகுத் துண்டுகள் வந்தன. அப்புறம் வெளிமுனையிலிருந்து தோட்டத்து ஓஸைச் செருகித் தண்ணீர் விட்டதும் ஒரு பெரிய கட்டி பொதுக்கென்று உள்ளே வாளியில் விழுந்தது. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

அவர்தான் குழாயைப் பார்த்துவிட்டு, "வாட்டமே இல்லையே இதுக்கு" என்றார். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சரியாகச் சொன்னார். அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும், இது தட்டையாகக் கிடந்தது. வெளிப்பக்கத்துக் கிளாம்ப்பைக் கழற்றி முக்கால் அங்குலம் கீழே இறக்கி அடித்தேன். சுவர்த் துளை பெரிதாக இருந்ததால் குழாய் அசைந்து கொடுத்தது.

ஜனவரி 20, திங்கள்

பிளம்பர் போன் செய்தார். வேலை முடிந்துவிட்டது, அடுத்த முறை கூப்பிடுகிறேன் என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இரண்டு வாரம் ஆகிவிட்டது. சிங்க் ஓரத்தில் கிழித்த நியூஸ் பேப்பர் ஒரு கட்டு தொங்குகிறது. எண்ணெய்ச் சட்டி, நெய்க் கிண்ணம் எல்லாம் அதில் துடைத்த பிறகுதான் தண்ணீரில் விழும். டீத்தூள் நேராக ரோஜாச் செடிக்குப் போகிறது. அத்தைதான் இதில் எங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பு. துடைக்காமல் போட்ட தட்டை நேற்று என்னிடமே எடுத்து நீட்டினார்.

இன்று கிண்ணத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அடியில் ஒரு ஸ்பூன் அளவு வண்டல், மேலே தெளிந்த தண்ணீர். சிங்க் நிறைய இருந்த தண்ணீர் 35 விநாடியில் இறங்கியது.