லே-யில் இளையோர் ஐஸ் ஹாக்கி: இனிஷியலால் பட்ட பாடு

லடாக்கின் லே-யில் நடந்த தேசிய இளையோர் ஐஸ் ஹாக்கிப் போட்டியில் மகள் விளையாடிவிட்டாள். முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு வரை அது நிச்சயமில்லாமல்தான் இருந்தது. அடுத்த வருடம் தேசியப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மாநிலத் தேர்வு, பயிற்சி முகாம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சிக்கல் லே-யில், பதிவு மேசையில் காத்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயர் மட்டும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. பள்ளிச் சான்றிதழில் முன்னால் இனிஷியல். மேசையில் இருந்த அலுவலர் மூன்றையும் வரிசையாக வைத்து, பெயர்களின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "மேடம், இது மூணு பேர்" என்றார். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல் என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றுதானே, பாருங்கள் என்றேன். பார்க்கவே இல்லை. மாநிலச் சங்கத்தின் கடிதம் வந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வயது மோசடி நடக்கிறது, சோதிக்கட்டும். ஆனால் எதிரே இருக்கும் தேதியைப் படிக்காமல் என்ன சோதனை? பக்கத்தில் நின்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடிதத்துக்குப் போன் பண்ணலாம் என்றால் என் ப்ரீபெய்ட் சிம் அங்கே செத்துக் கிடந்தது. வெளிமாநில ப்ரீபெய்ட் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்ட்தான் வேலை செய்யும். கோச்சின் போனில் பேசி, கடிதம் வந்து சேர இரவாகிவிட்டது. கடைவீதி மூடிக் கிடந்தது. தங்கியிருந்த விடுதிக்காரர், அந்தக் குளிரில் பூட்டிய அலுவலக அறையைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அதனால், எல்லா ஆவணத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்க இப்போதே ஆரம்பியுங்கள். போட்டிக்குள் முடியாவிட்டால், எல்லாப் பெயரும் ஒரே நபருடையதுதான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் பல பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தை பெயர் கட்டமே காலியாக இருக்கும். பதிவானதிலிருந்து 15 ஆண்டுக்குள் பெயர் சேர்த்துவிட வேண்டும், அதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

விமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், வானிலை கெட்டால் ரத்து. குளிர்காலத்தில் மணாலி சாலையும் மூடிவிடும். ஊர் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இறங்கியதும் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். ரத்துக்கும் ஓய்வுக்கும் சேர்த்து நாள் ஒதுக்கிவிட்டு டிக்கெட் போடுங்கள். ஹாக்கிப் பை ஒன்றே செக்-இன் சாமானுக்கான 15 கிலோவைத் தின்றுவிடும். ஸ்கேட் பிளேடைக் கேபினுக்குள் விட மாட்டார்கள்.

முழு முகக் கேஜ் (முகத்தை மறைக்கும் கம்பி வலை) உள்ள ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் அவசியம். சக்கர ஸ்கேட்டில் ஆடும் ரோலர் ஹாக்கியிலிருந்து வரும் பிள்ளைகள் பலரிடம் கழுத்துக் காப்பு இருப்பதில்லை. இன்னொரு அணிப் பையன் ஒருவன் ஆட்டத்துக்குச் சற்று முன் அதைக் கடன் கேட்டு அலைந்ததைப் பார்த்தேன்.

அப்புறம் ஆட்டம். மூச்சுக்காற்று கேஜ் கம்பியில் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, அதோடேயே ஓடினாள். லடாக் பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். குளிர்காலம் வந்தால் உறைந்த குளத்தில் சறுக்கியே வளர்கிறவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளுக்குச் சக்கரத்தில் வரும் வேகம் பனியிலும் வருகிறது, நிற்கத்தான் தெரியவில்லை. பிளேடைப் பக்கவாட்டில் திருப்பிச் சீவி நிற்பதற்குள் பக் (பந்துக்குப் பதில் ஆடும் ரப்பர் வட்டு) எதிரணிக்குப் போய்விடுகிறது. அதைப் பனியில்தான் பழக முடியும். டேராடூனில் ஹிமாத்ரி என்ற ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கு மறுபடி இயங்குகிறது. அடுத்த போட்டிக்கு முன் அங்கே ஒரு வாரம் பயிற்சிக்கு மகளைக் கூட்டிப்போகிறேன். அணியில் வேறு பெற்றோரும் சேர்ந்தால் கோச்சையும் அழைத்துக்கொள்ளலாம்.