தாயுமானவருக்கு ஒரு பூவன் தார்

பங்குனி வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை ஏறிவிட வேண்டும் என்று காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். நான், மகள், மாப்பிள்ளை, ஒன்றே முக்கால் வயதுப் பேத்தி, தார் தூக்குவதற்கு என் அண்ணன் மகன், அப்புறம் இதற்காகவே சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் தாயுமானவர் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

தாரை முந்தின நாள் சாயங்காலமே வாழைக்காய் மண்டியில் வாங்கி வந்துவிட்டோம். நல்ல பூவன், மேல் சீப்பு மஞ்சள் பிடித்து, அடிச் சீப்பு இன்னும் பச்சையாக, 12 கிலோவுக்குக் குறையாது. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டால், பிள்ளை பிறந்தபின் தாயுமானவர் சன்னதிக்கு வாழைத்தார் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். என்னைப் பெற்றதற்கு என் அம்மா கொடுத்தாள், என் மகளுக்கு நான் கொடுத்தேன். இந்தத் தார் 2020 ஜூனில் நேர்ந்தது. கொரோனா, இரண்டாம் அலை, என் முழங்கால் வலி என்று தள்ளித் தள்ளி 2022 பங்குனியில்தான் கொடுக்க வாய்த்தது.

கதை எல்லாருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குத் தலைப்பிரசவம். சீர் சாமானெல்லாம் எடுத்துக்கொண்டு புறப்பட்ட அவள் அம்மா வழியில் காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. சுவாமி அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து, பிரசவம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, மருந்து அரைத்துக் கொடுத்து, வெள்ளம் வடிகிற வரை கூடவே இருந்தார். நிஜ அம்மா வந்து வாசலில் நின்றபோதுதான் இரண்டு அம்மாவா என்று எல்லாரும் திகைத்தார்கள், வந்திருந்தவர் மறைந்துவிட்டார். சித்திரைத் திருவிழாவில் இதைச் செட்டிப்பெண் மருத்துவம் என்று நடத்துவார்கள், பிரசவ மருந்து பிரசாதமாகக் கிடைக்கும். சின்ன வயதில் அந்த மருந்தின் காரத்துக்காகவே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன்.

எனக்கு உறையூர். மொட்டை மாடிக்குப் போனால் கிழக்கே மலைக்கோட்டை தெரியும். சுவாமிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. சாரமா முனிவர் சிவபூஜைக்காக வளர்த்த செவ்வந்திப் பூவை ஒருவன் திருடி உறையூர்ச் சோழ ராஜாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, ராஜா தட்டிக் கேட்காமல் வாங்கிக்கொள்ள, கோபத்தில் கிழக்கே பார்த்திருந்த சுவாமி மேற்கே உறையூர் பக்கம் திரும்பிவிட்டாராம். கொடிமரம் இன்றைக்கும் சுவாமிக்குப் பின்பக்கம்தான் இருக்கிறது. "கோபமா திரும்பினாலும் நம்ம பக்கம்தானே பார்க்கிறாரு" என்று என் கணவர் சொல்லுவார்.

அவருக்குச் சம்பந்தர் இந்த மலையைப் பாடிய தேவாரம் மனப்பாடம். காலையில் பல் தேய்த்துத் திருநீறு பூசியதும் "நன்றுடையானைத் தீயதிலானை" என்று ஆரம்பித்துவிடுவார், கேட்டுக் கேட்டே எனக்கும் வந்துவிட்டது.

2018 ஆகஸ்டில் அவர் போய்ச் சேர்ந்தார். பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு கரையும் தொட்டு ஓடிய நாட்கள் அவை, கொள்ளிடம் பழைய பாலம் இடிந்து விழுந்ததும், முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்ததும் அப்போதுதான். ஊரே ஆற்றைப் பார்க்கப் போயிற்று, நான் வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பதிகத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எனக்கு இரண்டாவது வார்த்தையில் நின்றுவிடும். நன்றுடையானை என்று சொல்ல வரும். தீயதிலானை, அதாவது தீமையே இல்லாதவன் என்று சொல்ல நாக்கு வராது. சரி, சொல்ல முடியாததை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். மாடியில் துணி காயப்போடப் போனாலும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

2020 ஏப்ரலில் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு அழைத்து வருவதற்கு நாள் குறித்து, வளையல்கூட வாங்கி வைத்திருந்தேன். மார்ச் 25 ஊரடங்கு வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அவள் ஆதம்பாக்கத்தில், நான் உறையூரில். இ-பாஸ் கேட்டு மூன்று தடவை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. ஜூன் 19 முதல் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அடுத்த நாளே மாப்பிள்ளைக்குத் தொற்று உறுதியாகி முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மகளுக்கு இல்லை என்று வந்தது, ஆனால் வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, மாடி வீட்டில், தனியாக.

கீழ் வீட்டில் ஒரு அம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், புருஷன் இல்லை, மகன் வெளிநாட்டில். அவருக்கும் என் மகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் மோட்டார் போடுவதில் ஆரம்பித்த சண்டை, "தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை நிறுத்தத் தெரியாதா" என்று ஒரு நாள் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார். மகள் போனில் அழுதாள், நானும் அந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

24ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மகள் கூப்பிட்டாள், "அம்மா, வலிக்குதும்மா". கெடு இன்னும் பத்து நாள் இருந்தது. 108க்குப் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் மாடிக்கு ஓடினேன். கோயில் நடை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. மலை மட்டும் இருட்டில் கறுப்பாக நின்றது. இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அதை நேராகப் பார்த்தேன். வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது, திட்டினேன். "அவரைத்தான் எடுத்துக்கிட்ட, இப்ப ஒரு பெண்ணு தனியா துடிக்குது, அம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறா, இது உனக்குத் தெரிஞ்ச கதைதானே, போ, போய்ப் பாரு" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மாடியில் யாராவது இருந்தால் கேட்டிருப்பார்கள். தார் நேர்ந்ததும் அப்போதுதான்.

பதினொன்றே கால் இருக்கும், மகள் நம்பரிலிருந்து போன் வந்தது, பேசியது வேறு குரல். "அக்கா, நான் கீழ் வீட்டிலிருந்து பேசுறேன். ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டிருக்கோம், நான் கூட இருக்கேன். அழாதீங்க, நீங்க அழுதா அவளுக்குக் கேக்கும்." தகரத்தைத் தாண்டி எப்படி மேலே போனார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கேட்டால், "அதெல்லாம் எதுக்குக்கா" என்பார். ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவரைத்தான் கூட விட்டிருக்கிறார்கள். வாசலில், "நீங்க யாரு, உறவு என்ன" என்று கேட்டதற்கு "அவ அம்மா" என்று சொல்லி, காகிதத்தில் தாயார் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்குப் பேத்தி பிறந்தாள். போனில் அந்த முதல் அழுகையைக் கேட்டேன். அப்படியே மாடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாற்பது நாள் என் மகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். நான் போனில் சொல்லச் சொல்ல, கேஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு பிரசவ லேகியம் கிளறினார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் தெருமுனை நாட்டு மருந்துக் கடைக்காரர் கதவைப் பாதி திறந்து கொடுத்தாராம். பனைவெல்லப் பாகில் பொடியைக் கொட்டி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுவிட்டு, வீடியோவில் கரண்டியைத் தூக்கிக் காட்டி "ஒட்டாம வருது பாருங்க, இது போதுமா, இன்னும் கிளறணுமா" என்று கேட்டார். நெற்றியில் வேர்வை, கண்ணாடி முழுக்க ஆவி. ஒட்டாமல் சுருண்டு விழுந்த அந்தக் கறுப்பு உருண்டை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து "அந்த வீட்டுப் பக்கம் போகாதே, நீ சர்க்கரைக்காரி" என்று கெஞ்சியிருக்கிறான். "பச்சை உடம்புக்காரியை விட்டுட்டு எங்க போறது" என்று சொல்லிவிட்டாராம்.

இ-பாஸ் தேவையில்லை என்று ஆனது செப்டம்பரில். நான் போய் இறங்கியபோது பேத்திக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. கதவைத் திறந்தது அந்த அம்மாதான், தோளில் குழந்தை. "வாங்கக்கா, உங்க பொருளைப் பிடிங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் மறைந்துபோகவில்லை, எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

சரி, மலைக்கு வருகிறேன். கீழே மாணிக்க விநாயகருக்கு ஒரு சிதறு தேங்காய் போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். உச்சிப்பிள்ளையார் வரைக்கும் 417 படி, தாயுமானவர் அதற்கும் முன்பே வந்துவிடுவார். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மேலே கூரை மூடிய அந்தப் படிக்கட்டில் ஒரு குளிர்ச்சி இருக்கும், கல்லும் கற்பூரமும் கலந்த வாசனை. எனக்கு முழங்கால் பத்துப் படிக்கு ஒரு தடவை உட்காரச் சொன்னது. அந்த அம்மா ஒரு கையில் பேத்தி, இன்னொரு கையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

தாயுமானவர் பெரிய லிங்கத் திருமேனி. கூட்டம் அதிகமில்லை, தாரைச் சன்னதி முன்னால் வைத்து அர்ச்சனை செய்தார்கள். குருக்கள் நட்சத்திரம், பெயர் கேட்டபோது மகள் முதலில் அந்த அம்மாவின் பெயரைச் சொன்னாள், அப்புறம்தான் என் பெயரை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மனத்தாங்கலில் வந்த அழுகை இல்லை.

தீபாராதனை காட்டும்போது ஏனோ 2018ஆம் வருஷத்து ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. அந்தப் பதினேழு நாளும் ராத்திரி ஒரு ஆட்டோக்காரத் தம்பி சொல்லிவைத்த மாதிரி பத்து மணிக்கு வந்து நிற்பார், என்னை உறையூரில் இறக்கிவிட்டுவிட்டு "அண்ணன் நல்லா வந்ததும் மொத்தமா வாங்கிக்கிறேன்கா" என்று சொல்லிப் போய்விடுவார். கடைசி வரை ஒரு ரூபாய் வாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் காலுக்குக் குழி வெட்டியதும் அவர்தான். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ரத்னாவதிக்கும் கூட இருந்தது யார் என்று அப்போது தெரியவில்லையே. என் கணவரை ஏன் எடுத்துக்கொண்டாய் என்ற கேள்வி எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வராந்தாவில் நான் தனியாக இருந்தேன் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தது சரியில்லை என்று அங்கே நின்றபோது தெரிந்தது. நன்றுடையானைத் தீயதிலானை என்று முழுசாகச் சொன்னேன். "என் உள்ளம் குளிரும்மே" என்ற கடைசி அடி வரைக்கும் சொன்னேன், குரல் நடுங்கினாலும் சொன்னேன்.

அப்புறம் மற்றவர்கள் உச்சிப்பிள்ளையாருக்கு ஏறினார்கள், நான் பல்லவர் குகை வரை போய் நின்றுகொண்டேன். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது, ஏழாம் நூற்றாண்டு. அங்கே கங்காதரர் சிற்பம் உண்டு, ஆகாசத்திலிருந்து இறங்குகிற கங்கையைச் சடையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாக நிற்கிறார். எத்தனையோ தடவை பார்த்த சிற்பம். அன்றைக்குத்தான் தோன்றியது: கங்கையையே ஒரு சடையில் வாங்கியவருக்குக் காவிரியை ஒரு நாள் நிறுத்திவைப்பது பெரிய வேலையா? நிறுத்தவில்லையே. வெள்ளத்தை அதன் பாட்டுக்கு ஓட விட்டுவிட்டு, புடவை கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிடப் போனார். அதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இறங்கும்போது பிரசாதமாக வந்த பழத்தை வழியில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தோம். பாதிப் படியில் ஒரு பெண் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள், நல்ல வயிறு, கை நிறைய வளையல், பக்கத்தில் புருஷன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். அந்த அம்மா பழுத்ததாகப் பார்த்து இரண்டு பழம் பிய்த்து அவள் மடியில் போட்டுவிட்டுப் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை மாசம்மா?"

"எட்டு முடியப்போகுது ஆன்ட்டி."

"அம்மா எங்க இருக்காங்க?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை, புருஷன்தான் "இல்லைங்க, போன வருஷம் கொரோனாவுல..." என்று இழுத்தான். அந்த அம்மா பேத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து பேனாவைத் தேடினார். "எங்க வீடு மெட்ராஸ்ல. ஆனா இந்த அக்கா இங்கதான், உறையூர். நம்பர் எழுதிக்கோ" என்றார், என் பக்கம் திரும்பி, "சொல்லுங்கக்கா, உங்க நம்பர்".

சொன்னேன்.