செத்துவிட்டது என்று சொன்ன லேப்டாப்பில் விண்டோஸ் 11

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு என் 2017 லேப்டாப்பில் விண்டோஸ் 11 திறந்தது. நிம்மதிதான். ஆனால் கோப்புகளைச் சேமிக்கும் நல்ல எஸ்எஸ்டி வட்டைப் பார்த்து "போய்விட்டது" என்று சொன்ன கடைக்காரர் மீதுள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். ஒரு குறையும் இல்லாத இயந்திரம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதைத்தான் ஏற்கும். அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, என் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருள்) பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்தது. அதையும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் இயக்கிவிட்டால் பிராசசர் ஒன்றுதான் தடை. அதை, விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று இறங்கினேன்.

ஒரு வீடியோவில் சொன்னபடி முதலில் பயாஸை லெகசி என்ற பழைய பூட் முறையிலிருந்து, செக்யூர் பூட்டுக்குத் தேவையான யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்றினேன். கறுப்புத் திரை. பூட் ஆக வட்டே இல்லை என்றது.

மறுநாள் காலை பஸ் பிடித்து, இரண்டு வருடங்களுக்கு முன் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்த அதே கடைக்குப் போனேன். பயாஸில் கைவைத்ததைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஐந்தே நிமிடம். "எஸ்எஸ்டி போய்விட்டது அக்கா. புதிது 3,500 ரூபாய். உள்ளே இருப்பது திரும்ப வராது." இ டிரைவில் மறைந்த அப்பாவின் குரல் பதிவுகள் இருந்தன. லேப்டாப்பைக் கொடுக்க மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

இரவு யோசித்தேன்: நான் மாற்றியது ஒரே ஒரு அமைப்பு. அதைப் பழையபடி லெகசிக்குக் கொண்டுபோனேன். அரை நிமிடத்தில் எல்லாம் திறந்தது. அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

நடந்தது இதுதான். கடையில் வட்டை எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்திருந்தார்கள். யுஇஎஃப்ஐ-யில் விண்டோஸ் பூட் ஆக ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்திருக்க வேண்டும். மாற்றுவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) என்ற கட்டளை இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதில் 'வேலிடேட்' (/validate, சரிபார்ப்பு) மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது எதையும் மாற்றாது. எனக்குத் தோல்வி என்று வந்தது. நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகப் பிரிக்கும் சி, டி, இ-தான் காரணம். டி-யும் இ-யும் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் (பல டிரைவ்களை உள்ளடக்கும் ஒரு பெரிய பிரிவு) இருந்தால் அந்தக் கட்டளை ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்து, பிறகு அழித்தேன். மறுபடியும் தோல்வி! விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த எக்ஸ்டெண்டட் பகுதி பச்சை நிறத்தில் வெற்றிடமாக மிஞ்சியிருந்தது. அதையும் அழித்த பிறகுதான் தேறியது. மாற்றம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் பயாஸில் யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட், பிடிடி. இந்த வரிசை மாறினால் என் கதைதான் உங்களுக்கும்.

இன்னொரு இடத்திலும் ஒரு நாள் போனது. விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) இறக்கும்போது மொழியில் 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' தேர்ந்தெடுத்தேன். என் லேப்டாப்பில் இருந்தது அமெரிக்க ஆங்கிலம். மொழி பொருந்தாததால் கோப்புகளையும் மென்பொருள்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மங்கலாகி, அழுத்தவே முடியவில்லை. ஐந்து ஜிபிக்கு மேற்பட்டதை இரண்டாம் முறை இறக்கினேன். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-இன்ட்எல்' (dism /online /get-intl) கொடுத்தால் உங்கள் மொழி தெரிந்துவிடும். இறக்குவதற்கு முன்பே பாருங்கள்.

ரூஃபஸ் 4.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் பென் டிரைவ் தயாரித்து, விண்டோஸ் 10-க்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தமிழ்99 விசைப்பலகைகூட இருந்த இடத்தில் இருக்கிறது.

ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. இன்று காலை பாதுகாப்பு அப்டேட் ஒன்று வந்து ஏறியது. வருடாந்தரப் பெரிய பதிப்பு தானாக வராது, இதே போலக் கையால்தான் ஏற்ற வேண்டும். பிடிக்காமல் போனால் பத்து நாட்களுக்குள் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம், அதுவரை பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.

காலி இடத்தில் டி என்று ஒரே ஒரு டிரைவ் உருவாக்கியிருக்கிறேன். அப்பாவின் பதிவுகள் இப்போது அதில் ஏறிக்கொண்டிருக்கின்றன. வெளி ஹார்டு டிஸ்கில் இருப்பதை இனி அழிக்கப்போவதில்லை.