வின்செல்சீ வளைகள்: துப்பாக்கி இல்லாமல் ஒரு முயல் வேட்டை

ஃபெரட் என்ற பிராணியை நம்மூரில் பார்த்திருக்க வழியில்லை. கீரியைப் பிடித்து இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாக இதை வளர்த்து முயல் பிடிக்கப் பழக்கியிருக்கிறார்கள். முயல் வளையின் எல்லா வாய்களிலும் வலையைப் போட்டுவிட்டு உள்ளே ஃபெரட்டை விட வேண்டும். அதன் வாடை பட்டதும் முயல் வெளியே பாயும், வலையில் சிக்கும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ஜூலை மாதக் குளிரில், விக்டோரியா மாநிலத்து வின்செல்சீ பக்கத்துப் பண்ணை ஒன்றில் நாள் முழுக்க நின்ற பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாய்ச்சல் சில நொடி சமாச்சாரம். மீதியெல்லாம் முடிச்சு அவிழ்ப்பது, காத்திருப்பது, மண் தோண்டுவது.

என்னை அழைத்துப் போனவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அப்பாதான் அந்த அண்ணன். ஆயுளில் பாதியை ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் கழித்தவர். தங்கை தோழிக்கு அத்தை முறை என்பதால் நானும் மனதுக்குள் அத்தை என்றே வைத்துக்கொண்டேன். ஃபெரட்கள் அத்தையுடையவை. ஆகவே அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். பெரியவர் வலைக்கும் மண்வெட்டிக்கும் பொறுப்பு. இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், சிறுவயதிலிருந்தே சேர்ந்து முயல் பிடிப்பவர்கள். எதற்கெடுத்தாலும் சண்டை போட்டுக்கொள்வார்கள், ஆனால் வளை அருகே போனதும் வாயே திறக்க மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: விக்டோரியா மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். மான், வாத்து போன்றவற்றை வேட்டையாடத் தனி அனுமதி வேண்டும். முயலோ அங்கே வேட்டை விலங்கு அல்ல, ஒழிக்கப்பட வேண்டிய பீடை. நிலத்துக்காரரின் சம்மதம் இருந்தால் ஃபெரட்டோடு போகலாம். சொல்லப்போனால் தன் நிலத்தில் முயலைக் கட்டுப்படுத்த வேண்டியது நிலத்துக்காரரின் சட்டபூர்வமான கடமை. இதைப் படித்துவிட்டு யாரும் ஊருக்குப் போய் வலை பின்ன வேண்டாம். இந்தியாவில் நம் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது வேறு ஜாதியும்கூட. வளை தோண்டாது, புதர் மறைவில் படுத்திருக்கும். ஃபெரட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

மெல்பர்னிலிருந்து ஜீலாங் வழியாக வின்செல்சீ சுமார் 115 கிலோமீட்டர். ஜீலாங்கைத் தாண்டியதும் நெடுஞ்சாலையின் இருபுறமும் தட்டையான மேய்ச்சல் நிலம், தூரத்தில் ஆட்வே மலைகளின் நீலக்கோடு. ஊருக்குள் பார்வன் ஆற்றின் மேல் 1867இல் கட்டிய கல் பாலம் இருக்கிறது. விக்டோரியா அரசியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் வந்து திறந்துவைத்ததாம். நிறுத்திப் படம் எடுக்கலாம். நாங்கள் பேக்கரியில் நிறுத்தி, மாவுக்கூட்டில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' வாங்கினோம்.

முயல் வேட்டைக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் ஆஸ்திரேலியாவில் இருக்க முடியாது. பாவத்தின் தொடக்கமே இங்கேதான். 1859 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்திலிருந்து லைட்னிங் என்ற கப்பல் மெல்பர்னுக்கு வந்தது. அதில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணை முதலாளிக்கு 24 முயல்கள். வின்செல்சீயில் இருந்த தன் பார்வன் பார்க் பண்ணையில் அவற்றை விட்டார். சொந்த நாட்டில் பழகிய வேட்டைச் சுகம் இங்கேயும் வேண்டும் என்ற ஆசை, அவ்வளவே. அதற்கு முன்பும் முயல்கள் வராமலில்லை. 1788இல் கைதிகளோடு வந்த முதல் கப்பல்களிலேயே கூண்டு முயல்கள் இருந்தன. ஆனால் வளர்ப்பு முயலுக்கு இந்த மண்ணில் பிழைக்கத் தெரியவில்லை. ஆஸ்டினுக்கு வந்த முயல்களில் காட்டு ரத்தம் இருந்தது. கண்டம் முழுக்கப் பரவிய முயல்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் வழி வந்தவைதான் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பரவின. ஐம்பது ஆண்டுகளில் மேற்குக் கரைவரை போய்விட்டன. தடுக்க மேற்கு ஆஸ்திரேலியா 1901இல் வேலி கட்டத் தொடங்கியது. வேலி முடிவதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

பார்வன் பார்க் மாளிகை இன்னும் நிற்கிறது. கருநீலக் கல்லில் கட்டியது, 42 அறைகள். 1871இல் ஆஸ்டின் கட்டி முடித்தார், அதே ஆண்டில் இறந்தும் போனார். அவருடைய மனைவி எலிசபெத் கொடுத்த பணத்தில்தான் மெல்பர்னில் ஆஸ்டின் மருத்துவமனை 1882இல் திறக்கப்பட்டது. அந்த மருத்துவமனைக்குப் போய்வரும் நம்மவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் முயல் முதலாளியின் பெயர் என்று தெரியும்? எனக்கும் பெரியவர் சொல்லித்தான் தெரியும். மாளிகையைத் தாண்டும்போது அவர் காரின் கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

பண்ணையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ரோமம் கத்தரிக்கும் பழைய கொட்டகையை ஒட்டிய கல் சுவர். சுண்ணாம்பே இல்லாமல் கற்களை அடுக்கிக் கட்டும் சுவர்கள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு. திறந்த நிலத்தில் வளைகளை அழிக்க டிராக்டரில் இரும்புக் கொழு மாட்டி அடியோடு கிழித்துவிடுவார்கள், நிரந்தரத் தீர்வு அதுதான். கொட்டகையின் அடியிலும் சுவரின் அடியிலும் கொழுவை விட்டால் கட்டடமே விழும். அந்த மாதிரி மூலைமுடுக்குகளுக்குத்தான் ஃபெரட். மற்றபடி ஃபெரட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பண்ணையில் முயலை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று அத்தையே சொன்னார்.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. புல் உயரம் குறைந்திருக்கும், வளைவாய் கண்ணில் படும். முக்கியமாக, குட்டிகள் குறைவு. குட்டிகள் உள்ளே இருந்தால் ஃபெரட் அவற்றைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடும்.

வலை போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வலையும் ஒரு சுருக்குப் பை. சுற்றிலும் ஓடும் கயிறு, இரண்டு முனையில் வளையம், கயிற்றின் நுனியில் மரமுளை. வலையை வளைவாயின் மேல் விரித்து, ஓரங்களை மண்ணோடு படிய விட்டு, முளையை மேலே அழுத்திக் குத்த வேண்டும். சுத்தியலால் அடிக்கக் கூடாது, சத்தம் கீழே போகும். காலை அழுத்தி வைக்கக் கூடாது. செருமக் கூடாது. பெரியவர் எனக்கு இதையெல்லாம் காரை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். வளை அருகே போன பிறகு எல்லாம் கைஜாடைதான். பனி உறைந்த புல்லில் மண்டியிட்டு, விரல் மரத்துப்போய், ஈரக் கயிற்றில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இடையே அத்தை ஒரு வாயைச் சுட்டிக்காட்டினார். சுவரின் கல் இடுக்கில், நெட்டில் எனும் காஞ்சொறிச் செடிக்குப் பின்னால், கைப்பிடி அகலம்கூட இல்லாத ஓட்டை. என் கண்ணுக்கு அது ஓட்டையாகவே தெரியவில்லை. அதையும் மூடினோம். ஒரு வாய் விட்டுப்போனாலும் எல்லா முயலும் அதன் வழியாகத்தான் போகும் என்பது இவர்கள் அனுபவம்.

அப்புறம் அத்தை பெட்டியைத் திறந்தார். இரண்டும் பெண். வளைக்குள் நுழைய ஆணைவிடச் சிறிய பெண்தான் தோது. இரண்டும் வெள்ளை, புதரில் வெளியே வந்தால் முயல் என்று மயங்காமல் இருக்க. காலையில் கொஞ்சம் இறைச்சி கொடுத்திருந்தார். பட்டினி போட்டால் நன்றாக வேட்டையாடும் என்று நினைப்பது தவறாம். பசித்த ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று தின்ன உட்கார்ந்துவிடும். கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, வலையின் ஓரத்தைத் தூக்கி, ஒன்றை உள்ளே விட்டார். அது அவசரப்படவில்லை. முகர்ந்தது, உடம்பை உதறியது, போய்விட்டது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. முதலில் பாதத்தில்தான் உணர்ந்தேன். மண்ணுக்கு அடியில் தடதடவென்று ஏதோ ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பெரியவர் ஒரு விரலை உயர்த்தினார். அடுத்த நொடி என் முழங்காலுக்கு அருகே வலை ஒன்று உருண்டு எழுந்து சுருங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் உதைத்துக்கொண்டிருந்தது முயல். பெரியவர் அந்த வயதில் எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று இன்னும் புரியவில்லை. வளைவாயை ஒரு காலால் அடைத்தபடி முயலை வலையோடு பிடித்தார். கழுத்தை ஒரே இழுப்பு. சத்தமே இல்லை. முயலை எடுத்து, அதே வாயில் வேறு வலை விரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அடுத்ததை நான் செய்ய வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். உயிருள்ளதைத் தொடுவதற்கு முன், இறந்த முயலை என் கையில் கொடுத்து எங்கே பிடிப்பது, எந்தக் கோணத்தில் இழுப்பது என்று அத்தை பலமுறை செய்ய வைத்தார். தயங்கினால் வலி முயலுக்கு, ஆகவே தயக்கம் இருந்தால் இப்போதே சொல்லிவிடு என்றார். கோழிக்கடையில் நின்று பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் பார்ப்பது வேறு. சூடான உடம்பு, கைக்குள் துடிக்கும் நெஞ்சு. செய்தேன். உடனே முடிந்தது. வருத்தமா, நிம்மதியா என்று யோசிக்க நேரமில்லை, பக்கத்து வலை அசைந்துவிட்டது.

இதை வேட்டை என்பதைவிடக் களையெடுப்பு என்பதே சரி என்று அப்போது தோன்றியது. இருவர் முகத்திலும் வென்ற களிப்பு இல்லை. வயலில் களை பிடுங்குபவரிடம் இருக்கும் பொறுமையும் லேசான எரிச்சலும்தான் இருந்தன. பத்து முயல் ஓர் ஆட்டின் புல்லைத் தின்னும் என்பது இங்கே பண்ணைக்காரர்கள் சொல்லும் கணக்கு. புல்லாவது திரும்ப முளைக்கும். ஒரு ஹெக்டேரில் ஒரு முயல் இருந்தாலே சில நாட்டு மரங்களின் கன்று தலையெடுக்க முடியாது. பண்ணையில் இருந்த, சவுக்கு இனத்து ஷீஓக் மரங்கள் எல்லாமே கிழடு என்று அத்தை காட்டினார். நடுவயது மரம் ஒன்றுகூட இல்லை.

மதியத்துக்குப் பிறகு இரண்டாவது ஃபெரட் வெளியே வரவில்லை. உள்ளே கொன்றுவிட்டு அதன் மேலேயே படுத்துவிட்டது. கழுத்துப் பட்டையின் ரேடியோ சைகையைப் பிடிக்கும் கையடக்கக் கருவியைப் பெரியவர் தரையில் ஒட்டி நகர்த்தினார். டிக் டிக் சத்தம் ஓரிடத்தில் வலுத்தது. ஆழம் மூன்றடி. மண்வெட்டி என் கைக்கு வந்தது. தோண்டத் தோண்ட, பேசத் தடையில்லாததால், பெரியவர் கதைகளை அவிழ்த்தார். 1930களின் பஞ்ச காலத்தில் அவருடைய அம்மா வாரத்தில் பல நாள் முயல்தான் சமைப்பாராம். நிலத்தடி ஆட்டுக்கறி என்பது அப்போது அதற்குப் பெயர். அப்பா பல் வைத்த இரும்புப் பொறிகளால் பிடித்திருக்கிறார், அதெல்லாம் இப்போது தடை. பிறகு 1950இல் முர்ரே ஆற்றுப் பகுதியில் முயலைக் கொல்லும் மிக்சோமா வைரஸை விட்டார்கள். கொசு அதை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகவே பரப்பியது. அதே கோடையில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் பரவ, மக்கள் முயல் வைரஸைச் சந்தேகித்தார்கள். பயத்தைப் போக்க மேக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் கிளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. முயல்கள் கோடிக்கணக்கில் செத்தன. ஆனால் தப்பியவற்றுக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. கண் வீங்கி, குருடாகி, சாலை நடுவில் உட்கார்ந்திருக்கும் முயல்களைச் சிறுவயதில் பார்த்ததைச் சொன்னபோது மட்டும் பெரியவரின் குரல் மாறியது. "நான் கையால் கொல்வது அதைவிட மரியாதை" என்றார்.

ஃபெரட் முகமெல்லாம் மண்ணோடு தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைத் திட்டிக்கொண்டே சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

முயல்களைச் சுத்தம் செய்வது வேலியோரத்தில். முதலில் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கறி நாறும். குடலை எடுத்ததும் ஈரலைப் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் அந்த முயல் வேண்டாம். ஒரு பின்னங்காலின் நரம்புக்கிடையே கீறி மற்றக் காலை நுழைத்தால் கொக்கி மாதிரி ஆகிவிடும், அப்படியே வேலிக் கம்பியில் வரிசையாக மாட்டலாம். பண்ணைக்காரருக்கும் அத்தைக்கும் போக இரண்டு எனக்கு.

அத்தையின் சமையல் முறை: மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்புத் துண்டும் வெங்காயமும் சேர்த்து ஓவனில் மூன்று மணி நேரம். மாலையில் அவர் வீட்டில் சாப்பிட்டேன். கறி மெத்தென்று இருந்தது, காரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. என் பங்கை வீட்டில் சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு அரைத்து நல்லெண்ணெயில் வதக்கினேன். காட்டு முயலில் கொழுப்பே கிடையாது, எண்ணெயைக் கஞ்சத்தனம் பண்ணினால் நார் நாராக வறண்டுவிடும். குக்கரில் கோழிக்கு விடுவதைவிட இரண்டு மடங்கு விசில் விட்டு, கடைசியில் தேங்காய்ப்பால். தோழி மூலம் ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். பெரியவர் செய்முறையை எழுதித் தரச் சொன்னாராம். அத்தையோ, இவ்வளவு மிளகு போட்டால் உள்ளே இருப்பது முயலா கோழியா என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். டப்பா என்னவோ காலியாகத்தான் திரும்பி வந்தது.