மோரிஸ் மைனருக்கு ஐந்தாவது கியர்: பெட்டி ஏறிவிட்டது, பெடல்தான் படுத்தி எடுத்தது

சிங்கப்பூரில் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் ஃபோர்டு டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டியை மாட்டும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரின், அதாவது பெடல் மிதிப்பைத் திரவ அழுத்தமாக மாற்றும் உருளையின், உள்விட்டம் எவ்வளவு? என்னிடம் கியர் விகிதத்தைப் பற்றி ஆளாளுக்கு மணிக்கணக்கில் பேசினார்கள். பெடலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதில் போன பணத்தையும் நாள்களையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வண்டி 1098 சிசி மைனர் 1000. பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் போடும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. நெரிசலில் ஊர்ந்துகொண்டே முதல் கியருக்கு மாற்றினால் பல் அரைபடும். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டரைத் தொட்டால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3400 சுற்றில் கதறும். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். டைப் 9-இல் ஐந்தாவது கியரின் விகிதம் 0.82 என்பதால் அதே வேகத்துக்கு 2800 போதும். முன்னால் போகும் கியர் அத்தனைக்கும் சிங்க்ரோ உண்டு. முதல் கியர் 3.65, மைனருடையதும் கிட்டத்தட்ட அதேதான், ஆகவே ஏற்றத்தில் பழகிய இழுவை கெடாது. இதிலெல்லாம் சொன்னது சொன்னபடியே கிடைத்தது.

பெட்டியும் அதை மாட்டத் தேவையான பாகங்கள் அடங்கிய கிட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கப்பல் கூலியையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி வாங்குபவர்கள் எண்ணெயை முழுக்க வடித்து, கழுவி அனுப்பச் சொல்லுங்கள். என்னுடையதை எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று விமானச் சரக்கில் ஏற்க மறுத்து, கடைசியில் கப்பலில்தான் வந்தது.

வந்த பிறகு அடுத்த அடி. கிட்டில் இருந்த கிளட்ச் தட்டு பழைய மைனர் பெட்டியின் ஸ்ப்ளைனுக்கு (தண்டின் மேலுள்ள நீளவாட்டுப் பற்களுக்கு) வெட்டியது. ஃபோர்டு தண்டில் அது ஏறவே இல்லை. எஞ்சினைப் பிரித்துப் போட்ட நிலையில் வண்டி பட்டறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, விற்றவரோ "படம் அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று இழுத்தடித்தார். பார்சலைத் திறந்த அன்றே தட்டைத் தண்டில் செருகிப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. கிராங்க் முனையில் இருக்கும் வெண்கல புஷ்ஷும் ஃபோர்டு தண்டின் முனைக்குப் பொருந்த வேண்டும். அதையும் அப்போதே பாருங்கள்.

பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் செய்தது, குறுக்குச் சட்டத்தை மாற்றியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

மைனரில் கிளட்ச் வேலை செய்வது கம்பி இணைப்பில். இந்த மாற்றத்தில் அது திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ஆகிறது. பட்டறையில் கிட்டில் வந்த முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரை மாட்டி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, சாவியைக் கையில் கொடுத்தார்கள். பெடலை மிதித்தால் அம்மிக்கல்லைக் காலால் தள்ளுவது போல இருந்தது. வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடமைப்பு) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால் போதும், இடது முழங்கால் நடுங்கும். "பழகிடும்" என்றார்கள். பழகவில்லை என்று திரும்பப் போனபோது, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்தான் காரணம், பெட்டியை மறுபடி இறக்கி மாற்றலாம் என்று புதிதாக ஒரு கூலி சொன்னார்கள். ஒரு அளவுகூட எடுக்காமல் சொன்னார்கள். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கும் வண்டிக்கு ஆண்டுக்கு 45 நாள்தான் சாலை. பட்டறைக்கு ஓட்டிப் போய் வந்தால் அதில் ஒரு நாள் கழிந்துவிடும். இப்படி அரைகுறை வேலையைச் சோதித்துப் பார்க்கவே நாள்கள் கரைந்தன. வேலை முடியும்வரை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். காசு போனாலும் நாள் மிஞ்சும்.

கடைசியில் ஊபி பக்கம் பழைய லாரிகளைப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். மாஸ்டரின் அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். "தம்பி, தேவைக்கு மேல போவுதுப்பா. அந்த மிச்சத்தக் கொடுத்துட்டு லேச வாங்கிக்கலாம். பெட்டிய ஏன் எறக்கணும்?"

மாற்றியது மாஸ்டர் சிலிண்டரை மட்டும்: முக்கால் அங்குலத்துக்குப் பதில் எட்டில் ஐந்து, அதாவது 0.625 அங்குலம். பரப்பளவு 30 விழுக்காடு குறைகிறது, மிதிக்கும் பாரமும் அதே அளவு குறையும். பதிலுக்குத் தள்ளுகம்பியின் நகர்வும் அவ்வளவு குறையும். அதைத் தாங்கும் மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் அளக்க வேண்டும். மிச்சம் இல்லாத வண்டியில் இதைச் செய்தால் கிளட்ச் முழுதாக விடாது. மாற்றிய பிறகு, எஞ்சின் ஐடிலில் ஓட, பெடலை மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாததால் உண்மை உடனே தெரியும். என் வண்டியில் சத்தமே இல்லாமல் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளுகம்பி எல்லை மீறாமலிருக்க பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பு போல்ட்டும் வைத்துக் கொடுத்தார்.

எண்ணெய் விஷயம்: பழைய பெட்டிக்கு எஞ்சின் எண்ணெய், இதற்குக் கியர் எண்ணெய். வடிக்கும் மூடி பல டைப் 9 பெட்டிகளில் கிடையாது. மாட்டும் முன்பே ஒன்று போட்டுக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் ஊற்றும் துளை வழியாக உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

அனுமதிக்கு வருகிறேன். "அதே மேனுவல்தானே, யாருக்குத் தெரியப் போவுது" என்று முதல் பட்டறையில் சொன்னதை நான் ஏற்கவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதி, பதில் கையில் வந்த பிறகே வண்டியைப் பிரிக்க விட்டேன். அது சுலபமாக முடிந்தது. ஆனால் பரிசோதனைக்குப் போன இடத்தில் பெட்டியின் எண் தெரியும் படம் வேண்டும் என்று முகப்பில் இருந்தவர் திருப்பி அனுப்பினார். மாட்டிய பிறகு அந்த எண் வண்டித் தரையின் மூடிக்குள் மறைந்துவிடும். தரைவிரிப்பை எடுத்து, மூடியைக் கழற்றி, படம் பிடித்து மறுபடி போனேன். பெட்டி தரையில் இருக்கும்போதே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ப்ளைன் பொருந்தாத அந்தத் தட்டை விற்றவர் திரும்ப வாங்கவே இல்லை. ஓட்டிப் பார்க்காமல் புதிதாகவே இருக்கிறது. பழைய பெட்டியோடு 1098 சிசி மைனர் ஓட்டுபவர் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன்.