ஐஸில் ஓடிய பழ வண்டி

ரயில் சரித்திரம் என்றால் எல்லோரும் இஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு ஐஸ் வைத்துப் பழம் ஏற்றிப்போன ஒரு வேகன் கம்பெனி மேல்தான் பிரியம்: பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ்.

அமெரிக்காவில் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு ரயில்வேக்களும் அப்போது ஹாரிமன் என்பவர் கையில் இருந்தன. 1906 டிசம்பரில் இரண்டும் சரிபாதி பங்கு போட்டு இதை ஆரம்பித்தன. அதுவரை கலிஃபோர்னியாப் பழங்களைக் கிழக்கே கொண்டுபோனதில் ஆர்மர் என்ற சிகாகோ இறைச்சிக் கம்பெனியின் வேகன்களுக்குத்தான் பெரிய கை. ஐஸுக்கு அவர்கள் வாங்கிய கட்டணத்தை நினைத்து விவசாயிகள் கொதித்துக் கிடந்தார்கள். 1907 அக்டோபரில் 6,000-க்கும் அதிகமான புது வேகன்களோடு இந்தக் கம்பெனி ஓடத் தொடங்கியது.

வேகனின் இரண்டு முனையிலும் ஐஸ் தொட்டி, அதற்குக் கூரையில் மூடி, அவ்வளவுதான். தொட்டியில் குளிர்ந்த காற்று கீழே இறங்கி, தரைச் சட்டங்களுக்கு அடியில் ஓடி, பழப்பெட்டிகளின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறித் திரும்பவும் தொட்டிக்கே வரும். மோட்டார் கிடையாது. கடும் குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு உறைந்துவிடக் கூடாது என்று அதே தொட்டிக்குள் கணப்பு வைத்து அனுப்புவார்களாம், இதைப் படித்தபோது அசந்துபோனேன்.

ஆனால் ஐஸ் உருகுமே! ஒரு வேகனுக்கு நாலரை டன்னுக்கு மேல் ஐஸ் பிடிக்கும், கிழக்குக் கரை போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் வழி நெடுக ஐஸ் நிலையங்கள். கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கத்தில் ரோஸ்வில்லில் இருந்தது உலகத்திலேயே பெரிய ஐஸ் ஆலை என்று பெயர் வாங்கியது. அங்கே எடுத்த ஒரு பழைய படத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். கூரை உயரத்துக்கு நீண்ட மேடை, அதன் மேல் 300 பவுண்டு கட்டிகள் வழுக்கி வருகின்றன, கொக்கி போட்ட நீளக் கம்பால் ஓர் ஆள் கட்டியைத் திருப்பி, குத்தி உடைத்து, மூடிக்குள் தள்ளுகிறார். காலடியில் ஈரம், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கம்பெனியின் பெருமை ஆரஞ்சு வர்ணம் பூசிய அந்த வேகன்கள் என்பார்கள். இந்த ஆட்கள் இல்லாவிட்டால் அது அழுகல் வண்டிதான்.

1912-இல் இரண்டு ரயில்வேக்களும் பிரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த பிறகும் கிணறு மட்டும் பொதுவில் கிடக்குமே, அப்படி இந்தக் கம்பெனி மட்டும் பொதுவாகவே நின்றது. அப்புறம் உறைய வைத்த உணவு வந்தது. அதற்கு உப்பு கலந்த ஐஸும் போதவில்லை, 1950-களில் டீசல் குளிர்பதன வேகன்கள் வந்தன. நெடுஞ்சாலையில் லாரிகள் பழத்தைத் தட்டிக்கொண்டு போயின. 1978-இல் அந்தப் பொதுக் கிணற்றையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஐஸ் மேடைகளில் ஆள் ஏறுவது அதற்கு முன்பே நின்று போயிருந்தது.