ஒரு வேகவரம்புப் பலகைக்காக ரிச்மண்ட் வரை

2022 அக்டோபரில் ஒரு சாயங்காலம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பா, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். அமெரிக்காவின் வெர்ஜினியா மாநிலத்தில், நம்மூர் மாவட்டம் போன்ற ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில், ஒரு பக்கம் மட்டும் நடைபாதை உள்ள பழைய குடியிருப்புத் தெரு அது. வளைவில் திரும்பிய கார் அப்பாவின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. பையன் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி, உருண்டு, காருக்கு அடியில் போய்விட்டது. ஓட்டி வந்த பெண் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். கை நடுங்கியதில் அவரால் கதவைச் சாத்தக்கூட முடியவில்லை. அவர் விதியை மீறியிருக்கவில்லை. அங்கே வேகவரம்பு மணிக்கு 25 மைல், அதையொட்டித்தான் வந்திருந்தார்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா கேட்டார்: "ஏம்மா, இந்தத் தெருவுக்கு இருபதுன்னு ஒரு போர்டு மாட்டச் சொல்லேன். இங்க யார்கிட்ட மனு குடுக்கணும்?" அப்பா நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவுன்சிலர், கமிஷனர், பொறியாளர் என்று எந்த மேசைக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை, கவுண்டி நிர்வாகத்திடமோ மாநில உறுப்பினர்களிடமோ ஏதாவது கேட்க நினைக்கும் நம்மவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் வட்டாரத்து சூப்பர்வைசர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஃபேர்ஃபாக்ஸில் கவுண்டி முழுக்கத் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும், வட்டாரத்துக்கு ஒருவராக 9 பேரும் சேர்ந்ததுதான் சூப்பர்வைசர் போர்டு. அங்கே பேசிய பெண் பொறுமையாக விளக்கினார்: உங்கள் தெரு கவுண்டியுடையது இல்லை, மாநிலத்துடையது.

11 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் கவுண்டிக்குத் தன் தெருவே சொந்தமில்லையா என்று திகைத்துப் போனேன். பிறகு தேடிப் படித்ததில் கதை புரிந்தது. 1932இல், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், பர்ட் சாலைச் சட்டம் என்று ஒன்று வந்தது. சாலைச் செலவைத் தாங்க முடியாத கவுண்டிகளின் சுமையை மாநிலம் ஏற்றுக்கொண்டது. அதோடு சாலைகளும் மாநிலத்தின் கைக்குப் போயின. இன்று வெர்ஜினியாவில் ஆர்லிங்டன், ஹென்ரைகோ என்ற இரண்டு கவுண்டிகள் மட்டுமே தங்கள் சாலைகளைத் தாங்களே பராமரிக்கின்றன.

அதற்கும் மேலே டில்லன் விதி நிற்கிறது. அயோவா மாநிலத்து நீதிபதி ஜான் டில்லன் 1868இல் எழுதிய தீர்ப்பிலிருந்து வந்த கோட்பாடு அது. மாநிலம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதிலிருந்து தவிர்க்க முடியாமல் கிளைப்பதும்தான் உள்ளாட்சிக்கு உண்டு, கொடுக்காதது இல்லை. வெர்ஜினியா இதை இறுக்கமாகக் கடைப்பிடிக்கும் மாநிலம். 2022 ஜனவரியிலிருந்து இந்தியக் கடையில் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் வாங்கிப் பிளாஸ்டிக் பை கேட்டால் பைக்கு 5 சென்ட் வரி சேர்கிறது அல்லவா? அந்த 5 சென்ட்டைக் கவுண்டி தானாக விதித்துவிட முடியாது. 2020இல் மாநிலச் சட்டமன்றமான ஜெனரல் அசெம்பிளி அனுமதி கொடுத்த பிறகுதான் முடிந்தது. உணவக வரிக்கும் இதே பாடுதான். கவுண்டிகள் அதற்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்றிருந்தது. 2016இல் ஃபேர்ஃபாக்ஸ் நடத்திய வாக்கெடுப்பு தோற்றது. அந்தக் கட்டாயத்தை 2020இல் சட்டமன்றம் நீக்கியது. 4 சதவீத வரி 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆக, நான் மனு கொடுக்கப் போன இடமே ஒரு மனுதாரர்தான். கவுண்டி வருடா வருடம் மாநிலத்தின் வாசலில் போய் நின்று கேட்கிறது. இது மனதில் பதிந்த பிறகுதான் யாரிடம், எப்போது, என்ன கேட்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

எப்போது என்பதில்தான் நான் தவறினேன். 2023 ஜனவரியில், சட்டமன்ற அமர்வு நடந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினரான டெலிகேட்டின் அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். உதவியாளர் மறுநாளே கூப்பிட்டார். "ரொம்ப நல்ல யோசனை. ஆனால் மசோதா கொடுக்கிற கெடு முடியப்போகிறது. இதையே கோடைக்காலத்தில் எங்களிடம் சொல்லுங்கள்," என்றார்.

இங்கே சட்டமன்றம் வருடம் முழுக்க நடப்பதில்லை. ஜனவரி இரண்டாம் புதன்கிழமை கூடும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், ஒற்றைப்படை ஆண்டில் ஏறத்தாழ 45 நாள், அவ்வளவுதான். அதற்குள் ஆயிரக்கணக்கான மசோதாக்கள். பாதி நாள் கழிவதற்குள் மசோதா தான் பிறந்த அவையைத் தாண்டாவிட்டால் அந்த வருடத்துக்கு அதன் கதை முடிந்தது. எனவே வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான். கவுண்டித் துறைகள் தங்கள் தேவைகளைக் கோடையிலேயே எழுத ஆரம்பிக்கின்றன. இலையுதிர் காலத்தில் சூப்பர்வைசர்கள் கமிட்டியில் உட்கார்ந்து அலசுகிறார்கள். டிசம்பர் வாக்கில் போர்டு அதை நிறைவேற்றுகிறது. லெஜிஸ்லேட்டிவ் புரோகிராம் என்பார்கள். மாநிலத்துக்குக் கவுண்டி கொடுக்கும் மனுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக மசோதா கொண்டுவரச் சொல்லும் கோரிக்கைகள் அதில் மிகக் கொஞ்சம். மற்றதெல்லாம் எதை ஆதரிப்போம், எதை எதிர்ப்போம், எதற்குப் பணம் வேண்டும் என்ற நிலைப்பாடுகள். நிலைப்பாடுதானே என்று முதலில் நான் அலட்சியமாக நினைத்தேன். அது தவறு. யாரோ ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவரும்போது, கவுண்டியின் ஆட்கள் மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் எழுந்து நின்று ஆதரிக்க அந்த ஒரு வரி இருந்தாக வேண்டும்.

2023 எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. அந்த நவம்பரில் இரு அவைகளின் 140 இடங்களுக்கும் தேர்தல். கோடையில் வேட்பாளர்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் கதவைத் தட்டியவரை, வெயிலைப் பொருட்படுத்தாமல், அந்த வளைவு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கே நின்ற ஐந்து நிமிடத்தில் இரண்டு கார்கள் கடந்தன. நான் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் 31 வீடுகளில் கையெழுத்து வாங்கி சூப்பர்வைசர் அலுவலகத்திலும் கொடுத்தேன்.

அதற்குள் சட்டத்தையும் படித்துவிட்டேன். குடியிருப்பு, கடைவீதிப் பகுதிகளில் வேகவரம்பை 25 மைலுக்குக் கீழே, 15 வரை உள்ளாட்சிகள் குறைத்துக்கொள்ளலாம் என்று 2021லேயே சட்டம் வந்திருக்கிறது. தங்கள் தெருக்களைத் தாங்களே பராமரிக்கும் நகரங்களுக்கு அது உதவியது. மாநிலச் சாலைகளில் வாழும் எங்களுக்கு உதவவில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு என் இரண்டு பக்க மின்னஞ்சல் இரண்டு வரியாகச் சுருங்கியது: "மாநிலம் பராமரிக்கும் குடியிருப்புத் தெருக்களிலும் வேகவரம்பைக் குறைக்கும் உரிமையைக் கவுண்டிக்குக் கொடுங்கள்." கேட்கப்போகும் எவருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். சிரமத்தைச் சொல்லுங்கள், அதோடு எந்தச் சட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

2024 ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அமர்வு தொடங்கும் முன், ஃபேர்ஃபாக்ஸைச் சேர்ந்த செனட்டர்களும் டெலிகேட்டுகளும் கவுண்டி அரசு மையத்தின் அரங்கில் வரிசையாக உட்கார்ந்து பொதுமக்கள் சொல்வதைக் கேட்டார்கள். இது ஆண்டுதோறும் நடப்பது. முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 3 நிமிடம். என்னிடம் அப்போது கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. பேச விடுவார்களா என்ற தயக்கம் கடைசி வரை இருந்தது. யாரும் அதைக் கேட்கவே இல்லை. பெயரையும் வசிக்கும் பகுதியையும் சொன்னால் போதும். சொந்தக் கருத்தைச் சொல்ல, பிறருக்காகச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் லாபியிஸ்டாகப் பதிவு செய்யவும் தேவையில்லை.

எனக்கு முன்னால் பேசியவர் ஒரு அம்மா. அறுபது வயதுக்கு மேலிருக்கும். சக்கர நாற்காலியில் வளர்ந்த மகன். வீட்டிலேயே பராமரிப்பு கிடைப்பதற்கான மாநில உதவிக்கு, வெய்வர் என்பார்கள், வருடக்கணக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்களாம். "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மகன் கையை நீட்டி, அவர் போட்டிருந்த கோட்டின் நுனியைப் புடவைத் தலைப்பைப் போலப் பிடித்துக்கொண்டான். அரங்கில் யாரும் அசையவில்லை. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், அத்தகைய குடும்பங்களுக்காக இரண்டு ஆண்டுகளில் 3,440 புதிய இடங்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதாகப் படித்தபோது, அந்தப் பையனின் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. அதில் ஒரு இடம் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.

பணம் கேட்பது, அதிகாரம் கேட்பதைவிடக் கடினமான வேலை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். கவுண்டியின் பெரிய மனக்குறையும் பணம்தான், அதுவும் பள்ளிக்கூடப் பணம். உள்ளூர் செல்வ நிலையை ஒரு குறியீட்டெண்ணாகக் கணக்கிட்டு, அடிப்படைக் கல்விச் செலவில் யார் எவ்வளவு ஏற்பது என்று மாநிலம் பிரிக்கிறது. ஃபேர்ஃபாக்ஸுக்கு அது 0.65ஐ ஒட்டி இருக்கிறது. அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கவுண்டியின் தலையில். அந்த அடிப்படைக் கணக்கே, பள்ளிகள் உண்மையில் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்குப் போதாது. மாநிலச் சட்டமன்றத்தின் சொந்தத் தணிக்கை, ஆய்வு அமைப்பான ஜேலார்க் 2023இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு மாணவருக்கு வெர்ஜினியாவின் பள்ளி மாவட்டங்கள் பெறும் தொகை 50 மாநிலச் சராசரியைவிட 14 சதவீதம், சுமார் 1,900 டாலர் குறைவு என்றது. அன்று பேசிய பெற்றோர்கள் பலர் இந்த எண்ணை அப்படியே எடுத்துச் சொன்னார்கள். குறைகிற பணத்தை எங்கிருந்து எடுப்பது? கவுண்டியின் பொது நிதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீட்டு வரிதான். வீட்டு வரி ஏறும்போதெல்லாம் சூப்பர்வைசர்களைத் திட்டிக்கொண்டிருந்த எங்கள் வீட்டில், அதன் ஒரு முனை ரிச்மண்டில் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

என் முறை வந்தது. 3 நிமிடத்துக்கு எழுதிப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்குப் பிறகு அதை வாசிக்க மனம் வரவில்லை. தண்ணீர் பாட்டில் காருக்கு அடியில் உருண்டதைச் சொன்னேன். பிறகு அந்த ஒரு வரிக் கோரிக்கை. ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டேன். இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள்.

நான் கேட்டதையே செய்யும் மசோதா ஒன்று அந்த அமர்வில் வந்தது. அது என்னால் வந்ததல்ல. பாதசாரிகளின் பாதுகாப்புக்காக வருடக்கணக்காக உழைப்பவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். சப்-கமிட்டியில் அது வரும் நாள் மட்டும் எளிதில் பிடிபடவில்லை. நிகழ்ச்சி நிரல் கடைசி நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும். ரிச்மண்ட் இங்கிருந்து 100 மைல். போக முடியாதவர்கள் கணினி வழியாகவும் கீழவைக் கமிட்டிகளில் பேசலாம். வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து காத்திருந்தேன். பேசக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆதரவு என்று சொல்லி, எந்தக் கவுண்டி என்று சொல்லி, தெரு மாநிலத்துடையது என்பதால் எங்களுக்குக் கையில் எதுவுமில்லை என்று சொன்னேன்.

இரு அவைகளிலும் நிறைவேறி, 2024 ஜூலை 1 முதல் அது சட்டமானது. 25 மைல் பலகை உள்ள மாநிலச் சாலையாக இருந்தாலும், குடியிருப்பு அல்லது கடைவீதிப் பகுதியில் கவுண்டியே வரம்பை 15 வரை குறைக்கலாம். மாநிலத்துக்கு 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அன்று காலை அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, அதிகாரம் வந்துருச்சு. போர்டு வந்துதா?" என்றார்.

வரவில்லை. அதிகாரம் கவுண்டிக்கு வந்திருக்கிறது. எந்தத் தெருவுக்கு முதலில், பலகைக்கு யார் பணம் என்பது இனி உள்ளூரில் நடக்க வேண்டிய பேச்சு. அந்த 31 கையெழுத்துத் தாளை மறுபடி எடுத்து, புதிதாகக் குடிவந்த இரண்டு வீட்டாரின் கையெழுத்தையும் சேர்த்து, சட்டப் பிரிவின் எண்ணை மேலே எழுதி, அடுத்த வாரமே சூப்பர்வைசர் அலுவலகத்தில் கொடுத்தேன்.